சவர்க்காரமும் சான்று முத்திரையும்

ஒரு பொருளை மக்கள் ஏன் வாங்குகின்றனர், ஏன் வாங்காமல் விடுகின்றனர் என்னும் வினா வணிகர்க்கு மட்டும் உரியதன்று. வரலாறு பயில்வோர்க்கும் உரியது. அரசர் பட்டியலும் போர்க்களமும் சொல்லாத செய்திகள் சிலவற்றை ஒரு சவர்க்காரக் கட்டி சொல்லும். அதை எந்தக் கொழுப்பால் செய்தனர், யார் செய்தனர், யார் சொல்லை நம்பி வாங்கினர் என்று கேட்டுக்கொண்டே சென்றால், ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை வரலாறு விரியும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே, தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் ரந்தாவ். இத்தகைய ஊர்களில் மலாய்க்காரரும் சீனரும் தமிழ் இந்துக்களும் தமிழ் முஸ்லிம்களும் ஒரே கடையில், ஒரே அடுக்கிலிருந்து சவர்க்காரமும் முகப்பூச்சும் உதட்டுச் சாயமும் எடுக்கின்றனர். அவற்றுள் பலவற்றின்மேல் ஹலால் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கிறது. முஸ்லிம் பெண் அம்முத்திரையைத் தேடிப் பார்த்து எடுக்கிறாள். பக்கத்தில் நிற்கும் இந்துப் பெண்ணும் சில வேளைகளில் அதையே தூய்மையின் அடையாளமாகக் கொண்டு எடுக்கிறாள். இருவரும் நாடுவது ஒன்றேதானா? அவர்கள் முடிவை ஆக்குவன யாவை? இவற்றை வரலாற்று வழியில் நின்று ஆராய்வோம்.

ஹலால் என்பது இஸ்லாமிய நெறியில் ஆகுமானது என்று பொருள்படும். அதன் மறுதலை ஹராம், அஃதாவது விலக்கப்பட்டது. ஒப்பனைப் பொருளில் பன்றியின் எவ்வுறுப்பும் கலத்தல் ஆகாது. ஆகுமான விலங்கே ஆயினும் நெறிப்படி அறுக்கப்படாததன் கொழுப்போ எலும்போ கலத்தல் ஆகாது. செய்யும் கலங்களும் இடமும் அவற்றால் தீட்டுப்படாமல் இருத்தல் வேண்டும். உண்ணும் பொருளுக்கு இவ்வரையறை எளிதில் விளங்கும். பூசும் பொருளுக்கு ஏன் என்று சிலர் வினவுவர். தொழுகைக்கு உடல் தூய்மை இன்றியமையாதது. உதட்டில் பூசியது உள்ளும் செல்லும். நகத்தின்மேல் நீர் புகாத பூச்சு இருந்தால் ஒளுச் செய்யும்போது நீர் நகத்தைத் தொடாது. ஆதலின் பூசும் பொருளும் வழிபாட்டோடு தொடர்புடையதாயிற்று.

முன்னோர் அறிந்த மணப்பொருள்கள்

தமிழர்க்கு ஒப்பனை புதிதன்று. சிலப்பதிகாரத்தில், கடலாடு காதையில், மாதவி நீராடிய நீரில் பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிக் கிடந்தன என்று இளங்கோவடிகள் குறிக்கிறார். அவை பெரும்பாலும் பட்டை, வேர், பூ, இலை முதலிய மரஞ்செடிப் பொருள்கள். நாட்டுப்புறத்து மக்களுக்குச் சீயக்காயும் அரப்பும் பயற்றமாவும் மஞ்சளும் போதுமானவையாக இருந்தன. மருதாணியும் சந்தனமும் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாயின. நாகூர்க் கந்தூரியில் சந்தனக்கூடு வருவதும், கோயில்களில் இறைவனுக்குச் சந்தனக்காப்புச் சாத்துவதும் இப்பொதுமைக்குச் சான்று.

ஆயினும் பழைய மணப்பொருள்கள் யாவும் செடிகொடிகளிலிருந்து வந்தவை என்று கொள்வது பொருந்தாது. புழுகு ஒரு வகைப் பூனையிடமிருந்து கிடைப்பது. கத்தூரி மானிடமிருந்து கிடைப்பது. கோரோசனை பசுவின் வயிற்றிலிருந்து கிடைப்பது. இவற்றைச் சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் தயக்கமின்றிப் பயன்படுத்தினர். ஏன் தயங்கவில்லை? அப்பொருள் எது, எங்கிருந்து வந்தது என்பது விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரிந்திருந்தது. விலக்க வேண்டியதை விலக்கவும், கொள்ள வேண்டியதைக் கொள்ளவும் அவ்வறிவே துணைநின்றது. விலங்கிலிருந்து வந்தது என்பதனால் மட்டும் ஐயம் எழவில்லை. எதிலிருந்து வந்தது என்று அறிய முடியாதபோதுதான் ஐயம் எழுந்தது.

வேலூரில் எழுந்த ஐயம்

இவ்வையம் எத்துணை வலியது என்பதைத் தமிழ்நாட்டு வரலாறே காட்டுகிறது. 1805ஆம் ஆண்டு இறுதியில், சென்னைப் படைத் தலைவர் சர் ஜான் கிரடக் சிப்பாய்களின் தோற்றத்தைப் பற்றிப் புதிய கட்டளை பிறப்பித்தார். நெற்றியில் சமயக்குறி இடலாகாது, தாடி வளர்க்கலாகாது, புதிய வகைத் தலைப்பாகை அணிதல் வேண்டும் என்பன அக்கட்டளையின் கூறுகள். அத்தலைப்பாகையில் தோலால் ஆன குஞ்சம் ஒன்று இருந்தது. அது பசுத்தோலோ, பன்றித்தோலோ என்று சிப்பாய்கள் ஐயுற்றனர். இந்துவுக்கு ஒன்று ஆகாது. முஸ்லிமுக்கு மற்றொன்று ஆகாது. இரு சாராரும் ஒரே தலைப்பாகையை வெறுத்தனர். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ச்சி வெடித்தது.

கோட்டையில் திப்பு சுல்தானின் மைந்தர் சிறையிருந்தமை முதலிய வேறு காரணங்களும் அக்கிளர்ச்சிக்கு உண்டு என்பர் வரலாற்றாசிரியர். எனினும் அரசு அக்கட்டளையைத் திரும்பப் பெற்றதையும், மறு ஆண்டு ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடக்கும் திரும்ப அழைக்கப்பட்டதையும் நோக்கினால், தோலைப் பற்றிய ஐயம் சிறிதன்று என்பது புலனாகும். 1857இல் வடநாட்டில் தோட்டா உறையின் கொழுப்பைப் பற்றி எழுந்ததும் இத்தகைய ஐயமே. உடலில் அணிவதும் வாயில் படுவதும் எதனால் ஆயின என்று கேட்கும் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில், மக்கள் வதந்தியை நம்பினர்.

ஆலைச் சவர்க்காரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சவர்க்காரம் ஆலைப்பொருள் ஆயிற்று. கொழுப்புகளின் இயல்பைப் பிரெஞ்சு அறிஞர் செவ்ரல் 1823இல் வெளியிட்ட நூலில் விளக்கியபின், எந்தக் கொழுப்பையும் காரத்தோடு சேர்த்துச் சவர்க்காரம் ஆக்கும் முறை தெளிவாயிற்று. ஐரோப்பாவில் மலிவாகக் கிடைத்தது மாட்டுக் கொழுப்பு. லீவர் சகோதரர்கள் தம் சன்லைட் சவர்க்காரத்தில் அதனோடு தேங்காய் எண்ணெய் முதலிய தாவர எண்ணெய்களையும் கலந்தனர். 1888இல் அச்சவர்க்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது.

கட்டியைப் பார்த்தால் அதில் உள்ள கொழுப்பு தெரியாது. காரத்தோடு கலந்தபின் மாட்டுக் கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் ஒரே தோற்றம் பெற்றுவிடும். இங்கேதான் வாங்குவோர் வாழ்வில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்தது. கண்ணால் கண்டு அறிந்த நிலை போய், பிறர் சொல்லை நம்ப வேண்டிய நிலை வந்தது.

அந்நம்பிக்கையை ஈட்ட முற்பட்டவர் பலர். பம்பாயில் ஆர்தேசிர் கோத்ரெஜ் 1918ஆம் ஆண்டையொட்டித் தாவர எண்ணெயால் சவர்க்காரம் செய்தார். விலங்குக் கொழுப்பு இதில் இல்லை என்பதும், சுதேசிப் பொருள் என்பதும் அதன் சிறப்பாகப் பேசப்பட்டன. மைசூர் அரசு தன் சந்தன மரங்களைக்கொண்டு முதலில் எண்ணெயும் பின்பு சவர்க்காரமும் செய்து புகழ் பெற்றது. சமய உணர்வும் நாட்டுப்பற்றும் விலையும் மணமும் ஒருங்கு சேர்ந்தே வாங்குவோரை ஈர்த்தன என்பது இதனால் விளங்கும். தாவர எண்ணெயால் சவர்க்காரம் காய்ச்சுவது உலகுக்குப் புதிதும் அன்று. சிரியாவின் அலெப்போவிலும் பாலஸ்தீனத்தின் நாபுலுசிலும் ஒலிவ எண்ணெயால் சவர்க்காரம் செய்தல் பல நூற்றாண்டுத் தொழிலாகும்.

1983இல் இந்தியாவில், இறக்குமதியான மாட்டுக் கொழுப்பு வனஸ்பதியில் கலக்கப்பட்டது என்னும் செய்தி பெரும் கொந்தளிப்பை எழுப்பிற்று. அரசு அக்கொழுப்பின் இறக்குமதியைத் தடை செய்தது. அதுவரை அதனை நம்பியிருந்த சவர்க்கார ஆலைகளும் வேறு கொழுப்பை நாட வேண்டியதாயிற்று. வேலூருக்குப் பின் ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழிந்தும் ஐயத்தின் வலிமை குன்றவில்லை.

ரந்தாவ்த் தோட்டங்கள்

இனி ரந்தாவுக்கு வருவோம். நெகிரி செம்பிலானின் இப்பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காப்பி பயிரிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பால்மரம் அதன் இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் லயங்களில் குடியேறினர். லின்சம் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகிறது.

லயத்து வாழ்வில் சவர்க்காரம் வாங்கும் முடிவை விலையே பெரிதும் ஆக்கியது. சம்பளத்துக்குச் சம்பளம் கணக்குத் தீர்க்கும் கடைக்காரர் எதை வைத்திருந்தாரோ அதுவே வாங்கப்பட்டது. கடனை எழுதிய சிறிய 555 கணக்குப் புத்தகத்தை அறியாத தோட்டத்துக் குடும்பம் அரிது. கடன் உள்ள கடையை விட்டு வேறு கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்தல் எளிதன்று. விருப்பம் மட்டும் இருந்தால் போதாது. விரும்பியதை வாங்கும் ஆற்றலும் வேண்டும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

1960கள் முதல் இத்தோட்டங்களின் முகம் மாறலாயிற்று. பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. மலாயாவில் வணிக நோக்குடைய முதல் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூர் மாநிலத் தென்னமரத்தில் தொடங்கப்பட்டது. ரப்பர் விலை வீழ்ந்தபோது அரசும் கம்பெனிகளும் அப்பயிரைப் பரப்பின. செம்பனையின் சதையிலிருந்து ஓர் எண்ணெய் கிடைக்கும். பருப்பிலிருந்து மற்றோர் எண்ணெய் கிடைக்கும். முன்னது மாட்டுக் கொழுப்பைப் போல உறைந்து கட்டிக்கு உறுதி தரும். பின்னது தேங்காய் எண்ணெயைப் போல நுரை தரும். முன்னதில் எண்பது பங்கும் பின்னதில் இருபது பங்கும் சேர்த்தால் நல்ல குளியற் சவர்க்காரம் கிடைக்கும் என்பது தொழிலறிஞர் பலர் பின்பற்றும் கணக்கு. முகப்பூச்சுகளில் சேரும் கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும்கூடச் செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படுகின்றன.

இதன் பொருளை நாம் உணர்தல் வேண்டும். ஹலால் ஒப்பனைப் பொருள் பெருந்தொழிலாக வளர்வதற்குச் சமய ஆணை மட்டும் காரணம் அன்று. விலங்குக் கொழுப்பு செய்த வேலையை அதே விலையில் செய்யக்கூடிய தாவர எண்ணெய் பெருவாரியாகக் கிடைத்தமையும் காரணமாகும். அவ்வெண்ணெய்க்குரிய குலைகளைப் பல்லாண்டு காலம் வெட்டியோருள், பழம் பொறுக்கியோருள், ரந்தாவ் போன்ற ஊர்களின் தமிழ் ஆண்களும் பெண்களும் இருந்தனர்.

முத்திரை தோன்றிய வரலாறு

மலேசியாவில் ஹலால் சான்று 1974இல் பிரதமர் துறையைச் சார்ந்த இஸ்லாமிய ஆய்வு நிலையம் வழங்கிய உறுதிக் கடிதத்தோடு தொடங்கிற்று. 1994 முதல் சான்றிதழும் முத்திரையும் வழங்கப்பட்டன. 1997இல் மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையாகிய ஜாக்கிம் அமைந்தது. ஒப்பனைப் பொருள்களுக்கென்று தனித் தர அளவு 2008இல் வெளியிடப்பட்டது. 2019இல் அதன் இடத்தில் புதியது வந்தது. இடைக்காலத்தில் தனியார் பலர் தத்தம் முத்திரைகளை வழங்கி வந்தமையால் குழப்பம் மிகுந்தது. 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டத்தின்கீழ் வந்த ஆணைகள் 2012 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்து, உள்நாட்டில் சான்றளிக்கும் உரிமையை ஜாக்கிமுக்கும் மாநிலச் சமய மன்றங்களுக்கும் உரியதாக்கின.

2013இல், பன்றி அல்லது நாயின் உறுப்பால் ஆன பொருள்களில் அதைக் குறித்துக் காட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. 2017இல் அமலாக்கத் துறையினர் பன்றி மயிரால் ஆனவை என்று ஐயுற்ற தூரிகைகளைக் கடைகளிலிருந்து கைப்பற்றினர். தூரிகையும் கேள்விக்கு உட்பட்டது என்பது கருதத்தக்கது. இந்தோனேசியாவும் 2014ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டத்தால் இத்துறையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

வணிக உலகில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே குறிப்பிடத்தக்கது. மலேசிய முஸ்லிம் பெண்கள் நன்கறிந்த சஃபி என்னும் ஒப்பனைப் பொருள்களை உடைய உன்சா நிறுவனத்தை 2007இல் வாங்கியது இந்தியாவின் விப்ரோ. அந்த விப்ரோ, 1945இல் மராட்டியப் பகுதியின் அமல்னேரில் தாவர எண்ணெய்க் கம்பெனியாகத் தொடங்கப்பட்டது ஆகும். தாவரக் கொழுப்பில் பிறந்த நிறுவனம், தாவரக் கொழுப்பைப் பெரிதும் வேண்டும் சந்தைக்கு வந்து சேர்ந்தது.

வாங்குவோர் மனம்

இக்காலத்து ஆய்வாளர் பலர் வாங்குவோர் மனத்தை அளக்க, ஐசக் அய்சன் என்னும் உளவியல் அறிஞர் 1991இல் விரித்துரைத்த கொள்கையைக் கையாள்கின்றனர். ஒருவர் ஒன்றைச் செய்ய எண்ணுவதற்கு மூன்று காரணங்களை அவர் கூறுகிறார். அதைப் பற்றி அவர் கொண்ட மனப்பாங்கு ஒன்று. தாம் மதிப்போர் என்ன எதிர்பார்க்கின்றனர் என்னும் எண்ணம் மற்றொன்று. அதைச் செய்யத் தம்மால் இயலும் என்னும் துணிவு மூன்றாவது. நாம் மேலே கண்ட வரலாற்றில் இம்மூன்றும் உள. வேலூர்ச் சிப்பாயை இயக்கியது மனப்பாங்கு. பெரியோர் பெயரும் அண்டை வீட்டார் சொல்லும் இரண்டாவதைச் சாரும். தோட்டத்துக் கடன் புத்தகம் மூன்றாவதைச் சாரும்.

2015இல் வெளிவந்த மலேசிய ஆய்வு ஒன்று ஆசிரியர்கள் கருத்தூன்ற வேண்டிய முடிவைத் தந்தது. ஹலால் ஒப்பனைப் பொருள்களைப் பற்றிய அறிவுக்கும், அவற்றின்பால் மக்கள் கொள்ளும் மனப்பாங்குக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. சமயப் பற்று மனப்பாங்கை ஆக்கியது. மனப்பாங்கு வாங்கும் எண்ணத்தை ஆக்கியது. மேலும், உணவில் காட்டும் கருத்தை ஒப்பனைப் பொருளில் மக்கள் அத்துணை காட்டவில்லை. அறிவு இருந்தும் அது முடிவைத் தொடாமல் நிற்குமாயின், அங்கே முத்திரை அறிவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது எனலாம்.

முத்திரை சொல்வதும் சொல்லாததும்

முத்திரை நன்மையுடையது. ஆலைக்குள் சென்று பார்க்க இயலாத பெண்ணுக்கு அது கண்ணாக நிற்கிறது. ஆனால் அது எந்த வினாவுக்கு விடை சொல்கிறது என்பதை அறிந்து கொள்ளுதல் வேண்டும். நெறிப்படி அறுக்கப்பட்ட மாட்டின் கொழுப்பு ஹலால் ஆகும். எனவே மாட்டுக் கொழுப்பை விலக்கும் இந்து, ஹலால் முத்திரையை மட்டும் பார்த்து வாங்கினால் தம் வினாவுக்கு விடை பெற்றவர் ஆகார். மரக்கறி நெறியாளர்க்கும் இது பொருந்தும். மற்றவர் பெற்ற விடையைத் தம் விடையாகக் கொள்வது நம்பிக்கையன்று, மயக்கம்.

முஸ்லிம்களுக்குள்ளும் நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. தமிழ் முஸ்லிம்களுள் ஷாஃபி வழியினரும் உளர். ஹனஃபி வழியினரும் உளர். அசுத்தமான கொழுப்பு முற்றிலும் இயல்பு மாறிச் சவர்க்காரம் ஆகிவிட்டால் அது தூய்மை பெறும் என்பது ஹனஃபி நூலோர் பலர் கொள்கை. ஷாஃபி நூலோர் அவ்வாறு எளிதில் இசையார். மலேசியச் சான்றுமுறை பெரிதும் ஷாஃபி வழியைத் தழுவியது. ஆதலின் ஒரே கட்டி ஒருவர்க்கு ஆகும், மற்றவர்க்கு ஆகாது என்னும் நிலை அறிவுக்குறைவால் வருவதன்று. நூல்நெறி வேற்றுமையால் வருவது.

இன்னும் ஒன்று உண்டு. ஹலால் என்பதோடு இணைத்துத் தய்யிப் என்று ஒரு சொல்லும் இஸ்லாமிய மரபில் வழங்குகிறது. நல்லது, தீங்கற்றது என்பது அதன் பொருள். முகத்தை வெளுக்கச் செய்யும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதை மலேசிய நலத்துறை பலமுறை கண்டு அறிவித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் இத்தகைய பூச்சுகளால் சிறுநீரக நோய் உற்றவர்களைப் பற்றி மருத்துவர் எழுதியுள்ளனர். மலேசியாவில் ஒப்பனைப் பொருள் விற்பனைக்கு வருமுன் நலத்துறைக்கு அறிவிக்கப்பட்டு எண் பெற வேண்டும் என்னும் முறை 2008 முதல் உள்ளது. அவ்வெண் இல்லாத மலிவுப் பூச்சை, போலி முத்திரையை நம்பி வாங்குபவர் சமயத்தையும் காத்துக்கொள்ளவில்லை; உடலையும் காத்துக்கொள்ளவில்லை. நிறம் வெளுத்தால் மதிப்பு உயரும் என்னும் தவறான எண்ணம் இங்கே வாங்கும் முடிவை ஆக்குகிறது. இதனைத் தமிழர் இல்லங்களில் வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும்.

முடிவாக

வரலாறு நமக்குக் காட்டுவது இது: ஒப்பனைப் பொருளை வாங்குவோர் முடிவைச் சமயப் பற்றும், சுற்றத்தார் சொல்லும், விலையும், கிடைக்கும் வாய்ப்பும், முத்திரையின் மேல் உள்ள நம்பிக்கையும் கூடி ஆக்குகின்றன. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, என் உடலில் படுவது எது என்று அறியும் வேட்கை. வேலூரில் அவ்வேட்கைக்கு விடை கிடைக்கவில்லை; குருதி சிந்திற்று. இன்று விடை கிடைக்கிறது. ஆனால் அது உறையின் பின்புறத்தில், சிறிய எழுத்தில், பெரும்பாலும் நமக்குப் பழகாத மொழியில் இருக்கிறது.

தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு பணி உண்டு. கிளிசரின், கொலாஜன், ஜெலட்டின், ஸ்டியரிக் அமிலம் என்னும் பெயர்கள் விலங்கையும் குறிக்கலாம், செடியையும் குறிக்கலாம், அல்லது இரண்டில் ஒன்றை மட்டும் குறிக்கலாம் என்பதை மாணவர்க்கு நல்ல தமிழில் விளக்கலாம். கொலாஜனும் ஜெலட்டினும் விலங்கின் தோல், எலும்பு, மீன் முதலியவற்றிலிருந்தே வருவன. கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் செம்பனையிலிருந்தும் வரும், கொழுப்பிலிருந்தும் வரும். செந்நிறம் தரும் கார்மைன் ஒரு வகைப் பூச்சியிலிருந்து வருவது. இத்தகைய பத்துச் சொற்களைக் கற்ற பிள்ளை, தன் தாய் கடையில் எடுத்த பொருளின் பின்புறத்தைப் படித்துச் சொல்லும். அப்பொழுது முஸ்லிம் வீட்டுப் பிள்ளை முஸ்லிம் வீட்டு வினாவுக்கும், இந்து வீட்டுப் பிள்ளை இந்து வீட்டு வினாவுக்கும் உரிய விடையைக் காண்பர். ஒருவர் வினாவை மற்றவர் அறிந்து மதிக்கவும் அக்கல்வி வழி செய்யும்.